உப்புக்காற்றில் நான்கரை ஆண்டுகள்: பழைய ஜீப் பிக்கப்பில் அலாய் வீல்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் அழைத்து, தம் பிக்கப்பின் இரும்பு ரிம்களில் இரண்டைத் துரு தின்று விளிம்பு உதிரத் தொடங்கிவிட்டது என்றும், என் வண்டியில் இருப்பதைப் போல அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் முன் இடப்பக்கச் சக்கரத்தை மூன்றாவது முறையாகக் கழற்றி, டயரைப் பிரித்து, ரிம்மைச் சுரண்டி, திரும்ப மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். கோபத்தோடு பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்கு எழுதியது, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

இருவரிடமும் இருப்பது ஒரே தலைமுறை வண்டி: ஜீப்பின் முகம், பின்னால் திறந்த தட்டு, பெஜோ டீசல் எஞ்சின், பவர் ஸ்டியரிங் கிடையாது. ஆகையால் வண்டியைப் பற்றி நான் விளக்கப்போவதில்லை. சக்கரத்தைப் பிடிக்கும் மரையாணிகளான ஸ்டட்கள் ஐந்து, அவை நிற்கும் வட்டம் 139.7 மில்லிமீட்டர் என்பதும் இந்த வண்டியை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததே. மாருதி ஜிப்சிக்கும் அதே அளவு என்பதால் சந்தையில் வீல் கிடைப்பதில் சிரமம் இல்லை. 2021 ஆகஸ்டில் நான் போட்டது 15 அங்குலம், 7 அங்குல அகலம், வெளிப்பக்கமாகச் சற்றுத் தள்ளி நிற்கும் ஆஃப்செட். டயர், உள்ளே ட்யூப் தேவைப்படாத ட்யூப்லெஸ் ரேடியல், 235/75 ஆர் 15. அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீட்டர். கழற்றி வைத்த 6.00-16 நைலான் டயரை ஒட்டிய உயரம்தான் என்பதால் வேகமானி பொய் சொல்லவில்லை, வண்டியின் நிற்பும் கெடவில்லை. இதைவிட அகலமாகப் போகச் சொல்லிக் கடையில் வற்புறுத்தினார்கள். மட்கார்டுக்கு வெளியே டயர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதிலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் வடிவை மாற்றுவதைப் பற்றிச் சொல்வதை மனத்தில் வைத்தும் நான் 7 அங்குலத்தோடு நின்றுகொண்டேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

மாட்டும் நாளிலேயே ஒரு சிக்கல் வந்தது; அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வில்லிஸ் ஜீப்புகளின் வழக்கப்படி என் வண்டியில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வலப்பக்கமாகச் சுற்றினால்தான் நட் கழலும். கடையில் இருந்த பையன் அது தெரியாமல் நீளக் கம்பியை மாட்டி, கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கி, ஒரு ஸ்டட்டை முறித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது; அவன் பிறப்பதற்கு முந்தைய வழக்கம் அது. ஆனால் அலாய் வீலோடு வந்த கூம்பு முக நட்டுகள் எல்லாமே வலது மரை. அதே வடிவத்தில் இடது மரை நட் தேடி அலைந்து கிடைக்காமல், கடைசியில் இடப்பக்க ஸ்டட்கள் பத்தையும் வலது மரைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வாங்குமுன் ஸ்டட்டின் நுனியில் 'எல்' என்ற எழுத்து பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் நான் அனுபவித்த சுகத்தை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நைலான் டயர் ஓர் இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிடும். காலையில் வண்டியை எடுத்தால் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறும்வரை தட்தட்டென்று அடித்துக்கொண்டே வரும். ரேடியல் போட்ட மறுநாள் காலை அந்தச் சத்தம் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கையும் கதவும் நடுங்காமல், மேலே கட்டிய மரப்பலகை இடம் பெயராமல், வண்டி ஒரே நேராகப் போனது. மழையில் பிரேக் பிடித்தால் நின்றது. ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலே சாலையோரத்தில் அடைத்துக்கொண்டு கிளம்ப முடிந்தது. பழைய ட்யூப் டயர் பஞ்சரானால் ஜாக்கி, லிவர், தண்ணீர்த் தொட்டி, ஒட்டுப்போடுதல் என்று அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வெயிலில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிறகு, தோற்றம். இந்த வண்டியின் தட்டையான, முரட்டு முகத்துக்குக் கீழே ஐந்து ஆரங்களோடு அந்த வீல் நின்றபோது வண்டிக்குப் பத்து வயது குறைந்ததுபோல இருந்தது. தெருவில் நின்று பார்த்தேன், இன்னும் பார்க்கிறேன்.

ஸ்டியரிங் கனத்ததும் உண்மை. நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் தோள்பட்டையோடு சேர்த்து இழுக்க வேண்டும். சக்கரத்தின் முகம் வெளியே தள்ளி நிற்பதால், பள்ளத்தில் இறங்கும்போது வரும் உதை நேராகக் கைக்கு வந்து சேர்கிறது. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கும், சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பின் பேரிங்குக்கும் சுமை கூடுகிறது. வண்டி சிறிது உருண்டபடி இருக்கும்போதே திருப்பும் பழக்கம் வந்ததும் இது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. என் பொறுமையைத் தின்றது வேறு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் ஹப் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது; வண்டி இரண்டு நாள் அதில்தான் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பிரேக் டிரம்மைத் திறந்து சுத்தம் செய்தேன், பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் வைத்தேன், கியர் பெட்டி எண்ணெயை மாற்றினேன். சக்கரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. அலாய் துருப்பிடிக்காது என்று நாம் எல்லோரும் நம்புவதைப் போலத்தான் நானும் நம்பியிருந்தேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் முன் இடப்பக்க டயரில் காற்று இறங்கத் தொடங்கியது. 30 பி.எஸ்.ஐ. வைத்தால் பத்தாம் நாள் 22 காட்டும். ஒரேயடியாக இறங்கியிருந்தால் பஞ்சர் என்று அன்றே முடிந்திருக்கும். இது இறங்கியது தெரியாமல் இறங்குவது. முதல் கடையில் வால்வு போய்விட்டது என்று மாற்றினார்கள். இறங்கியது. இரண்டாவது கடையில் டயரில் நுண்ணிய ஓட்டை இருக்கும் என்று ஓட்டையைக் கண்டுபிடிக்காமலே உள்ளே ஒரு பசையை ஊற்றினார்கள். அதற்கும் இறங்கியது, போதாததற்குப் பசை உள்ளே ஒரு பக்கமாகத் தங்கி, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. இரண்டு கடையிலும் பணம் வாங்கினார்கள். இரண்டு கடையிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கவில்லை. என் கோபம் காற்று இறங்கியதன்மேல் மட்டும் அல்ல, பார்க்காமலே பதில் சொன்னதன்மேலும்தான்.

மூன்றாவதாகக் கடலூர் சாலையில் ஒரு சிறிய டயர் கடை. அங்கே இருந்த பெரியவர் சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, டயரும் ரிம்மும் சேரும் இடுக்கு முழுவதும் சோப்பு நுரையை வட்டமாக ஊற்றிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து குனிந்து காட்டினார். இடுக்கில் ஒரு சாண் நீளத்துக்குக் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, சேர்ந்து, உடைந்துகொண்டிருந்தன. "காத்து டயர்ல போகல சார், ரிம்முல போவுது" என்றார். டயரைப் பிரித்ததும் நான் பார்த்ததை மறக்க முடியாது. வெளியே கண்ணாடிபோல மின்னும் அந்த ரிம்மின் உள்விளிம்பில், ரப்பர் உட்காரும் இடத்தில், நனைந்த சுண்ணாம்பைப் போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பெரியவர் கட்டைவிரல் நகத்தால் கீறினார். வார்னிஷ் தோல் தோலாக உரிந்து, கீழே பொரிப்பொரியாக அரித்த அலுமினியம் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அலுமினியத்தில் இரும்பைப்போலச் செந்துரு வராதே தவிர, அரிப்பு வராமல் இல்லை. அதன்மேல் இயல்பாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குக் காவல். கடற்காற்றின் உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். டயரை ஏற்றி இறக்கும்போது லிவர் பட்டோ, சக்கரம் ஆடாமல் சுழல விளிம்பில் மாட்டும் பேலன்சிங் எடையின் கொக்கி பட்டோ வார்னிஷில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புநீர் அதன் வழியே உள்ளே புகுந்து, வார்னிஷுக்கு அடியிலேயே ஊர்ந்து செல்லும். அரித்த உலோகம் வெள்ளைப் பொடியாகும்போது முன்பைவிட அதிக இடம் கேட்கும். அது ரப்பரைத் தூக்கும். காற்றுக்கு வழி பிறக்கும். புயல் தண்ணீர் இதைத் தொடங்கிவைத்ததா, அதற்கு முந்தைய மூன்று ஆண்டு உப்புக்காற்று தொடங்கியதைப் புயல் முடித்துவைத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் வீட்டுக்கும் கடலுக்கும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

நண்பர் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். பழைய ட்யூப் டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது ட்யூப். ரிம் சுமையைத் தாங்கினால் போதும். அது சொறி பிடித்திருந்தாலும், பெயின்ட் உரிந்திருந்தாலும், ட்யூபைக் கிழிக்காதவரை காற்று இறங்காது. ட்யூப்லெஸ்ஸுக்கு மாறிய நாளிலிருந்து காற்றைக் காக்கும் பொறுப்பு ரிம்மின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. அதுவரை கண்ணுக்கு மட்டும் குறையாக இருந்த உப்பு, அன்றிலிருந்து காற்றுக்கே குறையாகிவிடுகிறது. வீலை விற்றவர் இதை எனக்குச் சொல்லவில்லை. பிறகு போய்க் கேட்டபோது, கடலோர அரிப்புக்கு உத்தரவாதம் கிடையாது என்று பதில் வந்தது. கடலோர ஊரில் கடை வைத்திருப்பவர் அந்த வார்த்தையை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

பெரியவர் அன்று வெள்ளைப் பொடியைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்துக் காயவைத்து, விளிம்புப் பசை தடவி டயரை ஏற்றினார். ஏழு மாதம் நன்றாக இருந்தது. மறுபடி இறங்கியது. இரண்டாவது முறை ஐந்து மாதம். இப்போது மூன்றாவது. மற்ற மூன்று சக்கரங்களில் ஒன்றில் அறிகுறி தொடங்கிவிட்டது. இரண்டு நன்றாக இருக்கின்றன. உள்ளே ட்யூப் போட்டுவிடலாமே என்று பலர் சொன்னார்கள். ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போட்டால் ஆணி குத்திய உடனே காற்று மொத்தமாக இறங்கும். எந்தச் சுகத்துக்காக மாறினேனோ அதையே விட்டுக்கொடுத்ததாகும். நான் அதற்கு ஒப்பவில்லை.

இதற்குள் கற்றுக்கொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கி வார்னிஷ் மட்டும் பூசிய வீலைக் கடலோரத்தில் வாங்கவே கூடாது. முழுக்கப் பெயின்ட் செய்த வீல்தான் தாங்கும். பேலன்சிங் எடை விளிம்பில் கொக்கி மாட்டுவதாக இல்லாமல் உட்புறம் ஒட்டுவதாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் சக்கரத்தின் உட்புறத்தையும் கழுவ வேண்டும். வண்டி கழுவும் இடங்களில் ஆசிட் கலந்த திரவம் தெளிக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சேரும் முகத்தில் மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவுகிறேன். ஸ்டட்டில் படாமல் தடவ வேண்டும். இவற்றை நான் முதல் நாளிலிருந்து செய்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அவர் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பண்ருட்டியில் இருந்திருந்தால் தயங்காமல் போடுங்கள் என்பேன். தேவனாம்பட்டினத்தில், வாசலில் நின்றால் அலையோசை கேட்கும் வீட்டில், கொட்டகை இல்லாமல் நிற்கும் வண்டிக்கு இது தகாது. இரும்பு ரிம்மும் துருப்பிடிக்கும்தான். ஆனால் அந்தத் துரு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தெரியும் நிறத்தில் வரும், உப்புத்தாளும் ஒரு டப்பா பெயின்ட்டும் போதும், ட்யூப் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அன்று காலை பெரியவர் கடைக்கு நான் போனது மூன்றாவது தடவை சுரண்டுவதற்காக அல்ல. நான்கு அலாயையும் கழற்றிவிட்டுப் பழைய ரிம்களை மாட்டச் சொல்வதற்காகத்தான் அவற்றை வண்டித் தட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். முன் சக்கரத்தைக் கழற்றியதும் அவர் "எல்லாத்தையும் மாத்திடலாமா சார்" என்று கேட்டார். ஒரு நிமிடம் நின்றேன். "இத மட்டும் க்ளீன் பண்ணிடுங்க" என்றேன். ஏற்றிக்கொண்டு போனவற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

நண்பரே, அந்தப் பழைய 16 அங்குல ரிம்கள் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் இன்னும் வண்டித் தட்டில்தான் இருக்கின்றன. துரு மேலோட்டம்தான், விளிம்பு கெட்டியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு நானே எடுத்துவருகிறேன். பணம் வேண்டாம். திருப்பித் தரவும் வேண்டாம்.