தனி ஆளா, இரண்டு பேரா? அரை மணி நேர மேடைக்கு எந்த நாடகம்

“மேடை அரை மணி நேரம்தான் கிடைக்கும். ஆளும் மூன்று நான்கு பேர்தான். எதைப் போடலாம்?” இப்படிக் கேட்பவர்களில் பலர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள்: “பேசாமல் ஒரு மோனோலாக் போட்டுவிடலாமா?” ஒரே ஆள், ஒத்திகைக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், செட் வேண்டாம். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு பேர் நிற்கும் மேடையில் ஒருவருக்கு வசனம் மறந்தால் எதிரில் இருப்பவர் எப்படியாவது எடுத்துக்கொடுத்துவிடுவார். தனி ஆளுக்கு அந்தக் கை கிடையாது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு: அவர் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்? நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘புகையிலையின் தீங்குகள் பற்றி’யில் விடை தயாராகவே இருக்கிறது. நியூகின் என்ற அப்பாவி மனிதரைச் சொற்பொழிவாற்றச் சொல்லி மனைவி அனுப்பியிருக்கிறாள். கேட்பவர்கள் அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாமேதான். புகையிலையில் தொடங்குகிறவர் கொஞ்ச நேரத்தில் குடும்பக் கதைக்கு வந்துவிடுகிறார். தனக்கு எத்தனை மகள்கள் என்பதில்கூட அவருக்குத் தடுமாற்றம். எங்காவது ஓடிப்போய்விட வேண்டும் என்று புலம்பி, கல்யாணத்தன்று போட்ட கோட்டைக் கழற்றிப் போட்டு மிதிக்கிறார். மேடையோரம் மனைவி வந்து நிற்பது தெரிந்ததும் சட்டென்று மறுபடி புகையிலை. செகாவ் இதை 1886இல் எழுதினார். பிறகு பல தடவை திருத்தி, 1902இல்தான் இப்போது நாம் நடிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வேடிக்கையாகப் பிறந்த நாடகம் அழுகைக்குப் பக்கத்தில் போய் முடிந்தது அந்தத் திருத்தங்களால்தான். புதிதாக மேடையேறுபவருக்கு இதில் ஒரு ரகசிய வசதி உண்டு. வரி மறந்து நிஜமாகவே விழித்தாலும், பார்ப்பவர்கள் அதை நியூகினின் தடுமாற்றம் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் பிரெஞ்சு எழுத்தாளர் ழான் காக்தோவின் ‘மனிதக் குரல்’. 1930இல் பாரிஸில் முதலில் மேடையேறியது. விட்டுவிட்டுப் போகும் காதலனோடு ஒரு பெண் தொலைபேசியில் பேசுகிறாள். இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது, நடுவில் யார் யாரோ குறுக்கிடுகிறார்கள். அவன் குரல் நமக்குக் கேட்பதேயில்லை. பழைய சமஸ்கிருத நாடகத்தில் ‘பாணம்’ என்று ஒரு வகை உண்டு, ஒரே நடிகர்தான். எதிரில் இல்லாத ஆளோடு பேசி, “என்ன சொல்கிறாய்? இப்படியா சொல்கிறாய்?” என்று அவர் பதிலையும் இவரே சொல்லிக் காட்டிவிடுவார். ஆகாசபாஷிதம் என்பது அதன் பெயர். காக்தோவிடம் அந்தச் சலுகை கிடையாது. மறுமுனையில் என்ன சொன்னான் என்பது அவள் மௌனத்தின் நீளத்திலும், ரிசீவரை இறுக்கும் விரல்களிலும்தான் தெரிய வேண்டும். காதலன் பேசும் வரிகளையும் எழுதிவைத்து, ஒத்திகையில் ஒருவரைத் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கச் சொன்னால்தான் அந்த இடைவெளிகள் சரியாக அமையும். இல்லாவிட்டால் எல்லா மௌனமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் பேசுவதுபோல ஆகிவிடும். முக்கால் மணி நேரம் வரை ஓடும் என்பதால் நம் அரை மணிக்கு அடங்கவும் செய்யாது. நல்ல அனுபவமுள்ள நடிகை இருந்தால் ஒழிய நான் இதைச் சொல்வதில்லை.

ஐரிஷ் நாடகாசிரியர் பெக்கெட்டின் ரசிகர்கள் அடுத்து ‘கிராப்பின் கடைசி ஒலிநாடா’வைக் கேட்பார்கள். 69 வயது மனிதர், 39 வயதில் தான் பதிவுசெய்த குரலைக் கேட்கிறார். கேட்பவரும் அவரே, பேசுபவரும் அவரே. அருமையான ஏற்பாடுதான், ஆனால் ஒலிநாடா சொதப்பினால் நாடகமும் சொதப்பிவிடும். மேடைக் குறிப்பில் கைவைக்கவும் முடியாது, அதில் பெக்கெட் நாடகங்களின் உரிமை வைத்திருப்பவர்களின் கண்டிப்பு ஊரறிந்தது. இருட்டில் ஒரு வாய் மட்டும் தெரிந்து மூச்சுவிடாமல் பேசும் அவருடைய ‘நான் அல்ல’வை, தயவுசெய்து, முதல் முயற்சியாக எடுக்காதீர்கள்.

இப்போது என் செல்லப்பிள்ளை. ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பர்க்கின் ‘வலிமை மிக்கவள்’, 1889. கால் மணி நேரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஒரு கஃபே, இரண்டு நடிகைகள். திருமணமானவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். மற்றவள் கடைசி வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதை மோனோலாக் என்பதா, இருவர் நாடகம் என்பதா? பேசுகிறவள் பரிசுப் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறாள். கணவனுக்கு வாங்கிய வீட்டுச் செருப்பு வருகிறது. அதில் டியூலிப் பூ வேலைப்பாடு. அவளுக்கு டியூலிப் பிடிக்காது, அவனுக்கு எதிலும் டியூலிப் வேண்டும். செருப்புக்குள் கையைவிட்டு அவன் நடப்பதைப்போல நடத்திக் காட்டிச் சிரிக்கிறாள். பேசிக்கொண்டே போகும்போது அவளுக்கே புரிகிறது, அந்த டியூலிப் ஆசை யாருடையது என்று. எதிரில் இருப்பவள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நாங்கள் ஒத்திகை பார்த்தபோது, பேசாத பாத்திரத்துக்கு வந்தவர் முதல் நாளே முகம் வாடிவிட்டார்: “எனக்கு ஒரு வரிகூட இல்லையே.” மூன்றாம் நாள், பேசுகிறவள் குழந்தைக்கு வாங்கிய பொம்மைத் துப்பாக்கியை விளையாட்டாக நீட்டும் இடம். பேசாதவர் திடுக்கிட்டு, பிறகு அந்தத் திடுக்கிடலை மறைக்கக் கையிலிருந்த பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டினார். ஒரே ஒரு பக்கம். அதன்பின் அறையில் இருந்த யாரும் பேசுகிறவளைப் பார்க்கவே இல்லை. மறுநாளிலிருந்து அந்தப் பாத்திரத்தைத் தனக்குத் தரச் சொல்லி மற்றவர் கேட்க ஆரம்பித்தார். தனி ஆள் நாடகத்தின் சிக்கனமும் இருவர் நாடகத்தின் பாதுகாப்பும் சேர்ந்து கிடைப்பது இதில்தான்.

சரி, சிரிக்க வைக்க வேண்டும் என்றால்? மறுபடி செகாவ்தான். ‘கரடி’யா, ‘பெண் கேட்டல்’ நாடகமா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. இரண்டிலும் மூன்று பேர்தான். பெண் கேட்க வந்தவன் புல்வெளி யாருக்குச் சொந்தம், யார் வீட்டு நாய் உசத்தி என்று சண்டை போடும் இரண்டாவது நாடகம் படிக்கும்போது அதிகம் சிரிக்க வைக்கும். மேடையில் அதன் ஆபத்து, புதியவர்கள் ஐந்தாவது நிமிடத்திலேயே உச்ச ஸ்தாயிக்குப் போய்விடுவார்கள். மேலே ஏற இடமிருக்காது. ‘கரடி’யில் கோபம் படிப்படியாக ஏறுகிறது. கடன் கேட்க வந்தவன், போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான், பிறகு துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்கிறான். செத்துப்போன கணவனின் துப்பாக்கிகளைக் கொண்டுவரும் விதவை, “எப்படிச் சுடுவது என்று முதலில் காட்டுங்கள்” என்கிறாள். அவன் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே நான் ‘கரடி’ பக்கம்.

ஐந்து பேர் கிடைத்தால் அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல்லின் ‘அற்ப விஷயங்கள்’ (1916). கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண் மேடைக்கே வருவதில்லை. ஆண்கள் மாடியில் தடயம் தேட, இரண்டு பெண்கள் சமையலறையிலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: கோணலான தையல், உடைந்த கூண்டு, பெட்டியில் செத்த பறவை. மேடைப்பொருட்களில் அக்கறை காட்டாத குழு இதைத் தொடவேண்டாம். அமெரிக்க நாடகாசிரியர் ஆல்பியின் ‘மிருகக்காட்சிசாலைக் கதை’யும் ஆங்கில நாடகாசிரியர் பின்டரின் ‘டம்ப் வெயிட்டர்’ நாடகமும் இருவர் நாடகங்களில் பெரிய பெயர்கள், ஆனால் அரை மணிக்குள் அடக்க வெட்ட வேண்டியிருக்கும். உரிமை பெறாமல் வெட்டவும் கூடாது, போடவும் கூடாது. செகாவுக்கும் ஸ்ட்ரிண்ட்பர்க்குக்கும் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு முடிந்திருக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், முழு நாடகத்திலிருந்து ஒரு நீள வசனத்தை உருவி மோனோலாக் என்று போடுவது. நடிகர் தேர்வுக்கு இரண்டு நிமிடம் என்றால் தாராளமாகச் செய்யலாம். பார்வையாளர் முன்னால் வேண்டாம். முன்கதை சொல்லவே பாதி நேரம் போய்விடும்.

ஒருவேளை அரை மணி முக்கால் மணியாக நீண்டால், முதலில் ‘வலிமை மிக்கவள்’, அடுத்து ‘கரடி’ என்று போடுங்கள். நான்கு பேர் போதும். கஃபே மேசையின் விரிப்பை மாற்றினால் விதவையின் வரவேற்பறை. முதல் நாடகத்தில் கஃபே பணிப்பெண் வந்துபோகும் இடத்தில் அவளை ஓர் ஆண் பணியாளாக்கினால், ‘கரடி’யின் கிழட்டு வேலைக்காரனாக வருபவரே அதையும் பார்த்துக்கொள்வார். விதவையாக, முதல் நாடகத்தில் கால் மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவரைப் போடுங்கள். அவர் கத்தும் முதல் வசனத்துக்கே கைதட்டல் வரும்.