போர்வெல் தண்ணீருக்குக் காகிதச் சிப்பா, சிலிக்கோன் சிப்பா?

சேலம், தருமபுரி பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை நமக்குப் புதிதல்ல. காரணம் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடு. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. இதைச் சில துளியில் பார்த்துவிட ப்ராஜெக்ட் செய்பவர்கள் முன்னால் இருப்பது இரண்டு வகைச் சிப் (துளித் தண்ணீரில் சோதிக்கும் சிறு தகடு), முடியளவு கால்வாய்கள் ஓடும் சிலிக்கோன் சிப் ஒன்று, வடிதாளில் மெழுகால் வரப்பு கட்டிய காகிதச் சிப் இன்னொன்று.

சிலிக்கோன் (பி.டி.எம்.எஸ்.) பார்க்க ஆசையாக இருக்கும். பிசினையும் கடினமாக்கியையும் 10:1 கலந்து, அச்சில் ஊற்றி, குமிழ் எடுத்து, சூடாக்கி, உரித்து, பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டிக் கண்ணாடியில் ஒட்டவேண்டும். நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் ஒரே கால்வாயில் விட்டால் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், நடுவில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு, அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் புளோரைடு பார்க்க, அதைக் கண்டு நிறம் மாறும் வினைப்பொருள் தண்ணீரோடு கலந்தாகவேண்டுமே! அதற்குக் கால்வாயை வளைத்து வளைத்து நீட்டவேண்டும், சீராகத் தள்ள சிரிஞ்ச் பம்ப் வேண்டும். ஒரு குமிழ் புகுந்தாலோ, வடிகட்டாத போர்வெல் தண்ணீரின் மணல் துகள் ஒன்று மாட்டினாலோ அன்றைய வேலை போச்சு.

காகிதத்துக்குப் பம்பே வேண்டாம், தானே உறிஞ்சும். ஹார்வர்டில் வேதியியலாளர் ஒயிட்சைட்ஸின் குழு 2007-ல் இதைக் காட்டியபோது விலை மலிவு என்பதே பெரிய விஷயம். சிர்கோனியம்-சைலினால் ஆரஞ்சு என்ற சாயக் கலவை தடவிய வட்டத்தில் புளோரைடு பட்டால் சிவப்பு நிறம் மஞ்சளாக மாறும், மண்ணைக் காகிதமே வடிகட்டிவிடும்.

தொல்லையும் உண்டு. தூரம் கூடக் கூட ஓட்டம் மந்தமாகும், சித்திரை வெயிலில் சேலத்தில் தண்ணீர் வட்டத்துக்குப் போய்ச் சேருமுன் பாதி ஆவியாகிவிடும், அதனால் வழி குட்டையாக இருக்கட்டும். ஏற்காட்டில் நேர்மாறு, மூட்டத்தில் காகிதம் முன்பே ஈரம் குடித்திருக்கும். கவரில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி எடுத்துப் போங்கள். அப்புறம் நம்ம ஊர்த் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், சாயத்தோடு சேர்த்துத் தடவிய அமிலம் போதாவிட்டால் சாயம் தானே சிவந்து நிற்கும், புளோரைடு இருந்தும் இல்லாதது போலக் காட்டும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தெரிந்த அளவு புளோரைடு கலந்த அதே ஊர்த் தண்ணீரையும் பக்கத்து வட்டத்தில் விட்டு, இரண்டையும் ஒரே போட்டோவில் எடுங்கள்.

செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க, துளித் துளியாகப் பிரித்து எண்ண, சிலிக்கோன்தான், அங்கே காகிதம் கிட்டவே வராது. கிணற்றடிக்குக் காகிதம். குடம் நிறையத் தண்ணீர் இருக்கும்போது துளிக் கணக்கு எதற்கு என்று கேட்டால் கேள்வி நியாயம்தான், மிச்சமாவது தண்ணீர் இல்லை, வினைப்பொருளும் சுமையும். 1.2-ஆ 1.6-ஆ என்று வழக்கு வந்தால் இரண்டையும் நம்பாதீர்கள், பாட்டிலில் பிடித்து புளோரைடு எலக்ட்ரோடு (புளோரைடை அளக்கும் மின்முனை) உள்ள லேபுக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம்.