கெட்டிமேளத்துக்கு இடம் விட்டு: 24 பிட் ரெக்கார்டருடன் சில ஆண்டுகள்

திருமண மண்டபங்களில் நாகஸ்வர இசையைப் பதிவு செய்ய, 24 பிட் கையடக்க ரெக்கார்டர் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதிலுள்ள வசதிகளில் பெரும்பாலானவற்றைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் கைபடுவது பதிவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ், கண்படுவது அந்த அளவைக் காட்டும் மீட்டர், அவ்வளவுதான்.

டிஜிட்டல் மீட்டரில் 0 டெசிபல் என்பது கடைசி எல்லை. டேப்பில் அளவு சற்று மீறினால் ஒலி மெல்ல மழுங்கும்; இங்கோ அலையின் தலை நேராக வெட்டுப்பட்டு, எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாத கரகரப்பாகிவிடும். ஆகவே, ஆலாபனையின் உச்சங்கள் −18 டெசிபலுக்கு அருகிலும், தவில் சேர்ந்தபின் −12ஐ ஒட்டியும் நிற்குமாறு கெயினை வைக்கிறேன். லெவல் பார்ப்பதற்காக வாசிக்கச் சொன்னால் கலைஞர்கள் அடக்கியே வாசிப்பார்கள். முகூர்த்த நேரத்தில் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் எழுந்ததும், கூடு மாட்டிய விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் இறங்கும் வேகத்தில், அதுவரை −12ஐத் தாண்டாத மீட்டர் −3ஐத் தொட்டுத் திரும்பும். விட்டுவைத்த இடம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

இவ்வளவு தாழ்த்திப் பதிந்தால் தரம் குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. பதியக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான மொத்த வீச்சு சுமார் 96 டெசிபலாக இருந்த 16 பிட் காலத்தில் அந்தக் கவலை நியாயமானது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்பதால், 18 டெசிபல் இடம் விட்டால் இழப்பது மூன்று பிட். மீதமுள்ள 21 பிட்டுக்கு 126 டெசிபல் வீச்சு உண்டு. இத்தகைய கருவிகளில் மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் அந்த அளவுக்கு அமைதியானதல்ல. மின்விசிறிகள் சுழன்று, பந்திக்கு ஆள் கூப்பிடும் மண்டபமோ கேட்கவே வேண்டாம்.

கெயினைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை அணைத்தே வைத்திருக்கிறேன். கீர்த்தனைகளுக்கு இடையிலான மௌனத்தில் அது ஜெனரேட்டர் இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும். மேளம் முழங்கும்போது நாகஸ்வரத்தையும் சேர்த்து அமுக்கிவிடும். உச்சங்களை எல்லைக்குள் அடக்கும் என் கருவியின் லிமிட்டரும், ஒலி டிஜிட்டலாக மாறிய பிறகே வேலை செய்வதால், அதற்கு முன்பே வெட்டுப்பட்டதைக் காப்பாற்றுவதில்லை.

2022இல் வந்த ஜூம் எஃப்3 போன்ற 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் கெயின் குமிழே கிடையாது. தாழ்ந்தோ உயர்ந்தோ பதிவானதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 24 பிட்டில் மணிக்கு 1.04 ஜிபி பிடிக்கும் கோப்பு 32 பிட்டில் 1.38 ஜிபியாகும் என்பது பெரிய சுமையல்ல. எனினும், தவிலுக்கு மிக அருகில் வைத்த மைக்கே திணறினால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை என்பதால், தனியாளாக மேடையும் கேமராவும் பார்ப்பவருக்கே அதைப் பரிந்துரைப்பேன். எனக்கு, மைக்கை நாகஸ்வரத்தின் விரிந்த வாய்ப்பகுதியான அணசிலிருந்தும் தவிலிலிருந்தும் சில அடி தள்ளி நிறுத்தி, எடிட்டிங்கில் உச்சம் −1ஐத் தாண்டாமல் உயர்த்திக்கொள்ளும் பழைய முறையே போதுமானதாக இருக்கிறது.