இடித்தவரே எகிறினால்: ரோட்டுப் பஞ்சாயத்தா, ஸ்டேஷனா, சொந்த இன்சூரன்ஸா?

எதிராளி நியாயஸ்தராக இருந்தால் இந்த அலசலுக்கே வேலை இல்லை. "தப்பு என் பேர்லதான் சார், பார்த்துச் செஞ்சிடலாம்" என்கிறவரிடம் நம்பர் வாங்கிக்கொண்டு, மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, ஜிபேயில் பணம் வாங்கினால் கதை முடிந்தது. நான் பேச வந்தது மற்ற ரகத்தைப் பற்றி. இடித்தது அவர், இறங்கி வந்து கத்துவதும் அவர்.

போன மழைக்காலத்தில் வேளச்சேரி பக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் ஸ்விஃப்ட்டின் பின்னால் ஒரு கார் வந்து மோதியது. பின் பம்பர் கிழிந்து, டிக்கி கதவில் ஒடுக்கு விழுந்து, இடப்பக்க டெயில் லேம்ப் நொறுங்கியது. யாருக்கும் அடி இல்லை. இறங்கியவர் முதலில் கேட்டது, "ஏன் சார் சடன் பிரேக் அடிச்சீங்க?" நின்ற வண்டி எங்கே சார் பிரேக் அடிக்கும் என்றதற்குப் பதில் வரவில்லை. தன் நம்பர் பிளேட் வளைந்ததைக் காட்டி ஐயாயிரம் கேட்டார். அப்புறம் யாருக்கோ போன் போட்டு, "அண்ணே, இங்க ஒருத்தர் தகராறு பண்றாருண்ணே" என்றார். வந்த அண்ணன் என் டிக்கியை ஒரு பார்வை பார்த்ததும் சுருதி இறங்கி, "சரி விடுங்க சார், ரெண்டாயிரம் தர்றோம், கிளம்புங்க" என்று முடித்தார்கள். நான் வாங்கவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு வந்து என் பாலிசியிலேயே கிளெய்ம் போட்டேன். ஏன் என்பதுதான் மிச்சக் கட்டுரை. ஆகவே நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ரோட்டுப் பஞ்சாயத்து. அன்றைக்கே முடியும், பேப்பர் வேலை இல்லை. இதன் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிக்கல் என்னவென்றால், ரோட்டில் நிற்கும்போது சேதம் எவ்வளவு என்று நமக்கே தெரியாது. பம்பர் என்பது மேலே தெரிகிற பிளாஸ்டிக் மட்டுமில்லை. அதைத் தாங்குகிற கிளிப்புகள், பிராக்கெட், ரிவர்ஸ் சென்சார் இருந்தால் அதன் வயர் எல்லாம் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கும் வெளியே தெரிந்ததைவிட உள்ளே ஒரு பிராக்கெட் கூடுதலாக வளைந்திருந்தது. அரைகுறையாகத் தெரிந்த தொகைக்கு, கத்துகிற மனிதரோடு, பின்னால் ஹாரன் அடிக்கிற கூட்டத்துக்கு நடுவில் பேரம் பேசினால், குரல் பெரியவர்தான் ஜெயிப்பார்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நம் கார் பாலிசியின் நிபந்தனைகளைப் படித்தால், கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ கூடாது என்று இருக்கும். இடித்தவரிடம் பணத்தைத் திரும்ப வசூலிக்கிற உரிமையும் கிளெய்ம் கொடுத்த பிறகு கம்பெனிக்குப் போகிறது. ஆகவே இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு "பேசி முடித்துவிட்டோம்" என்று கையெழுத்தும் போட்டுவிட்டு, மறுநாள் ஷோரூம் பில்லைப் பார்த்து மலைத்துப்போய் கிளெய்ம் போடப் போனால் கேள்வி வரும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். பணமே வாங்குவது என்று முடிவானால் யூபிஐயில் வாங்குங்கள், இரண்டு வண்டி நம்பரும் தேதியும் போட்டு ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது அவரிடமிருந்து வரட்டும். "நாளைக்கு அனுப்புறேன் சார்" என்கிற பேச்சை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்தது போலீஸ். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்காகக் கூப்பிடுவது வேறு, பணத்துக்காகப் போவது வேறு. எதிராளி சாவியைப் பிடுங்குகிறார், கதவைத் திறக்கவிடாமல் மறிக்கிறார், நாலு பேரைக் கூட்டுகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவை லாக் செய்துகொண்டு 100 அல்லது 112. யாருக்காவது அடி பட்டிருந்தாலும் போலீஸ்தான். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்யச் சொல்கிறது, போலீஸுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லச் சொல்கிறது. அந்த இடத்தில் பிரீமியம் தள்ளுபடிக் கணக்கு, பம்பர் கணக்கு எதுவும் கிடையாது.

ஆனால் தகரம் மட்டும் நசுங்கியதற்கு இழப்பீடு வாங்கித் தாருங்கள் என்று ஸ்டேஷன் போனால் விஷயம் நீளும். சென்னையில் விபத்து வழக்குகளைப் பார்ப்பது போக்குவரத்து புலனாய்வுப் பிரிவு. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே போகச் சொல்வார்கள். யாருக்கும் காயமில்லாத கேஸுக்கு எஃப்.ஐ.ஆர். போடுவதில் யாருக்கும் பெரிய ஆர்வம் இருக்காது. மனு வாங்கி, வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரண்டு பேரையும் உட்கார வைத்து, "பேசி முடிச்சுக்கோங்கப்பா" என்பார்கள். அதாவது ரோட்டில் நடந்த அதே பஞ்சாயத்து, ஃபேனுக்குக் கீழே.

சட்டப்படி அடுத்த படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். உயிர்ச்சேதம், காயம் மட்டுமில்லை, சொத்துச் சேதத்துக்கும் அங்கே மனு போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இது நடக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். நான் அதுவரை போனதில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. வக்கீல் நண்பரிடம் பம்பர் கேஸுக்கு வருவாயா என்று கேட்டேன். சிரித்தார். வண்டி முக்கால்வாசி போய்விட்டது, சொந்த பாலிசியில் வெறும் தேர்ட் பார்ட்டி கவர்தான் (நாம் மற்றவருக்குச் செய்கிற சேதத்துக்கு மட்டும்) இருக்கிறது என்கிறவர்களுக்கு அந்த வழிதான். அவர்கள் எஃப்.ஐ.ஆருக்கு அடம்பிடித்தே ஆக வேண்டும்.

இனி நான் சாய்கிற பக்கம். நம் வண்டிச் சேதத்தையும் சேர்த்துக் காக்கிற காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசி இருந்தால் ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டிச் சேத கிளெய்முக்கு எதிராளியின் தயவே வேண்டாம். அவர் ஒப்புக்கொள்ள வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம், லைசென்ஸைக் காட்டக்கூட வேண்டாம். வண்டிகளை நகர்த்தும் முன் இரண்டும் தெரிகிற மாதிரி படம், அவர் நம்பர் பிளேட், இடமும் நேரமும். அவ்வளவுதான். மத்திய அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் அவருடைய இன்சூரன்ஸ் எதுவரை செல்லும் என்று தெரியும். காலாவதியாகியிருந்தால் அதை அமைதியாகச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 196ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. மற்றபடி நம் கிளெய்முக்கு அவர் இன்சூரன்ஸ் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

"தப்பு அவனுது, என் பாலிசி ஏன் அழணும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கிளெய்ம் போட்டால் உண்மையில் அழுவது என்.சி.பி., அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி. முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் பகுதி பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி பகுதிக்குக் கிடையாது. கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருடத்தோடு 50. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு கிளெய்ம், ஆயிரம் ரூபாய்க்கே போட்டாலும், அடுத்த ரினியூவலில் பூஜ்யம். மறுபடி 20லிருந்து ஏற வேண்டும்.

நிறையப் பேர் அடுத்த வருட நஷ்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். அது போதாது. 50 சதவீதத்தில் இருக்கிறவர் கிளெய்ம் போட்டால், அடுத்த வருடம் இழப்பது 50. அதற்கடுத்த வருடம் 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 20 கிடைக்கும், இழப்பு 30. பிறகு 25, 15, 5. கூட்டினால் 125. அதாவது ஒரு முழு வருட ஓன் டேமேஜ் பிரீமியமும் மேலே கால்வாசியும். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்று வைத்தால் மொத்த நஷ்டம் 10,000. இதோடு 1500 சிசிக்குள் இருக்கிற காருக்கு நாம் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000. ஆக, கிளெய்ம் என்பதன் உண்மையான விலை 11,000. அடுத்துச் சொல்லப்போகிற ஜீரோ டெப் கவர் இருந்தால், பில் பதினைந்தாயிரம் வந்தாலும் இதே 11,000, அறுபதாயிரம் வந்தாலும் இதே 11,000.

நீங்கள் இப்போது 20 சதவீதத்தில் இருந்தால் நஷ்டம் குறைவு. கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருடம் 25, பிறகு 35, 45, 50 என்று ஏறியிருக்கும். அதே மாதிரி ஏணியைப் போட்டுப் பார்த்தால் இழப்பு 25, 15, 20, 15, 5 என்று 80 சதவீதம்தான் வரும். புது ஆட்கள் தயங்காமல் கிளெய்ம் போடலாம், ஏணியின் உச்சியில் இருக்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். வருடா வருடம் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடுகிற மதிப்பு, குறைவதால் பிரீமியமும் குறையும், நிஜ நஷ்டம் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கம்மியாகவே வரும். ஐந்து வருடத்துக்குள் இன்னொருவர் வந்து இடித்துவிட்டால் கணக்கே வேறு. ஓ.எம்.ஆரில் தினம் போய்வருகிறவர் ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டுவேன் என்று நம்புவது கொஞ்சம் பேராசை.

ஜீரோ டெப், நம்ம ஊர்ப் பேச்சில் பம்பர் டு பம்பர், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருகிற கூடுதல் கவர், இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். கார் நாலு வயதைத் தாண்டி ஐந்துக்குள் இருந்தால் மாற்றுகிற இரும்புப் பாகத்தில் 35 சதவீதம் பிடிப்பு. பெயிண்டிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மொத்த பெயிண்டிங் பில்லில் கால்வாசியை மெட்டீரியல் என்று கணக்கிட்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். என் எஸ்டிமேட்டை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன்: பம்பர் 6,000, டெயில் லேம்ப் 3,000, டிக்கி டிங்கரிங் கூலி 4,000, பெயிண்டிங் 10,000. ஆக 23,000. ஜீரோ டெப் இருந்ததால் கையிலிருந்து போனது 1,000. இல்லாமல் இருந்திருந்தால் பம்பரில் 3,000, லேம்பில் 1,500, பெயிண்டிங்கில் 1,250, அதோடு இந்த ஆயிரம். மொத்தம் 6,750 நாமே கட்ட வேண்டியிருந்திருக்கும். என்.சி.பி. நஷ்டத்தையும் சேர்த்தால் 16,750.

எங்கள் ஏரியா டிங்கரிங் கடைக்காரர் அதே வேலைக்குக் கேட்டது 14,000. கிழிந்த பம்பரை ஒட்டி, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து, லேம்ப் மட்டும் புதுசு. ஜீரோ டெப் இல்லாதிருந்தால் அவரிடம்தான் விட்டிருப்பேன். இருந்ததால் 11,000க்குப் புது பாகங்கள், அதிலும் பத்தாயிரம் ஐந்து வருடத்தில் பிரித்துக் கட்டுவது. இன்னொரு மூவாயிரம் குறைந்திருந்தால் கடைக்காரர் ஜெயித்திருப்பார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெறும் கீறல், ஒரு பேனல் பெயிண்ட் என்றால் கிளெய்ம் பக்கமே போகாதீர்கள்.

கத்துகிற எதிராளிக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? பாலிசியை எடுத்து, கிளெய்ம் போட்டால் உங்களுக்கு ஆகும் உண்மையான விலையை (மேலே வந்த 11,000 மாதிரி ஒரு எண்) இன்றைக்கே போட்டு வைத்துக்கொண்டால் ரோட்டில் அவரோடு வாதாட ஒன்றுமே இல்லை. சேதம் அந்த எண்ணுக்கு மேல் என்று தெரிந்தால் அவர் தருகிற இரண்டாயிரத்தைத் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கீழே என்றால் தருவதை வாங்கிக்கொள்ளலாம், தராவிட்டால் அதற்காக அரை மணி நேரம் தொண்டை கிழிய வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த அண்ணன் "எங்க வேணா போய்ப் பார்த்துக்கோங்க" என்றபோது எனக்குக் கோபம் வராததற்குக் காரணம் பொறுமை இல்லை, கையில் அந்த எண் இருந்ததுதான்.

பின்னால் வருகிறவர் போதிய இடைவெளி விட வேண்டும் என்று ஓட்டுநர் விதிமுறைகள் சொல்கின்றன. அதே விதிமுறைகள் காரணமில்லாமல் திடீர் பிரேக் போடக் கூடாது என்றும் சொல்வதால், "சடன் பிரேக்" வசனம் முழுக்க வெற்றுப் பேச்சும் இல்லை. டேஷ்கேம் இருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். நான் இப்போது பின்பக்கத்துக்கும் ஒன்று மாட்டியிருக்கிறேன்.

தப்பு நம்முடையதாக இருந்து, எதிராளி வாய்க்கு வந்த தொகையைக் கேட்டால்? அங்கே மட்டும் ரோட்டுப் பேச்சுக்கு என் ஓட்டு. நம் பாலிசியில் மற்றவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை கவர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் என்.சி.பி.யும் போகாது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் தீர்ப்பாயம் வழியாகத்தான் வரும், இரண்டு பேருக்கும் அலைச்சல். நம் பாலிசியை இதற்குத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, அவரிடமும் காம்ப்ரிஹென்ஸிவ் இருந்தால், "உங்க பாலிசியிலயே போடுங்க சார், நீங்க கையிலிருந்து கட்டுற பணத்தை நான் தர்றேன்" என்று பேசிப் பார்க்கலாம். அவருடைய என்.சி.பி. நஷ்டத்தையும் அவர் கேட்டால் அது அநியாயமில்லை. பத்தாயிரம் கேட்டவர் நாலாயிரத்துக்கு வருவது இந்த மாதிரிப் பேச்சில்தான்.

இந்த வருட ரினியூவலில் என்.சி.பி. ப்ரொடெக்ட் என்கிற கூடுதல் கவரைப் பற்றி ஏஜென்ட் கேட்டார். தள்ளுபடியே பூஜ்யமாகிவிட்ட எனக்கு இப்போது அது தேவையில்லை, 45லோ 50லோ இருக்கிறவர்கள் விலை விசாரித்துப் பார்க்கலாம். எத்தனை கிளெய்ம் வரை காப்பாற்றும், ஜீரோ டெப்பை வருடத்துக்கு எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஏஜென்ட் வாயால் சொல்வதோடு விடாமல் பாலிசிக் காகிதத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.