வெடிச்சத்தத்துக்கு அசையாத குதிரை என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள்

குதிரை மேலிருந்து பலூன் சுடும் போட்டிக்காக உங்கள் குதிரையை யாரிடமாவது பழக்க விடப்போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

எங்கள் பெண்குதிரையை அப்படி ஒரு பயிற்சியாளரிடம் விட்டோம். ஒப்படைக்கும் நாளில் அவரே ஏறி உட்கார்ந்து வரிசையாகச் சுட்டுக் காட்டினார். அது காதைக்கூட அசைக்கவில்லை. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்த மறுநாள், லாயத்துக் கதவு படாரென்று சாத்திய சத்தத்துக்கே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இடுப்பில் துப்பாக்கி உறையைப் பார்த்தாலே உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கியது.

அங்கே வேலை பார்த்த பையன் பிறகுதான் சொன்னான்: கம்பத்தில் குட்டையாகக் கட்டி, திமிறுவதை நிறுத்தும்வரை பக்கத்திலேயே சுட்டிருக்கிறார்கள். காட்டும் நாளன்று காலையில் ஒரு ஊசி. அன்றைய வீடியோவைப் பார்த்த கால்நடை மருத்துவர், தொங்கிய தலையையும் தளர்ந்த கீழுதட்டையும் காட்டி, அசிப்ரோமசின் போன்ற, குதிரையை மந்தமாக்கும் மருந்தாக இருக்கலாம் என்றார். அதன் வேகம் சில மணி நேரம்தான்.

இது அவசரப்பட்டுச் செய்கிற வேலையே இல்லை. போட்டியில் 10 பலூன். இரண்டு ரிவால்வரில் ஐந்தைந்து வெற்றுத் தோட்டா, அதாவது குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ளவை. அத்தனையும் குதிரையின் காதருகே வெடிக்கும். நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலிகூட அதற்குக் கேட்கும். அதனால் முதலில் தூரத்தில், கேப் துப்பாக்கியோடு ஒருவர் விலகி நடக்க, குதிரை அவர் பின்னால் போக வேண்டும். துரத்தும் சத்தத்துக்கு மிரளுகிற குதிரை, தன்னை விட்டு ஓடும் சத்தத்தை எட்டிப் பார்க்கும். பிறகு குறைந்த வெடிமருந்துள்ள தோட்டா, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கம், கடைசியில்தான் சேணத்திலிருந்து சுடுவது. அதுவும் பக்கவாட்டில், காதுகளுக்கு நடுவே ஒருபோதும் கூடாது. மிரண்டால் ஒரு படி பின்னால் போய்விட வேண்டும். "காதடைப்பான் கோழைக் குதிரைக்குத்தான்" என்றார் அந்தப் பயிற்சியாளர். தேர்ந்த போட்டியாளர்கள் பலரே அதைப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள்!

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நாங்கள்தான் குதிரையைக் கெடுத்துவிட்டோமாம்.

நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பயிற்சியைப் பாருங்கள். விடமாட்டேன் என்றால் அன்றே குதிரையை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒப்படைக்கும் நாளில் உங்கள் மருத்துவரையே அழைத்துப் போய் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் வேகம் நிற்கும் மருந்துகளும் உண்டு; ஆகவே கடைசித் தவணையை, குதிரை உங்கள் இடத்தில் ஒரு மாதமாவது இருந்து, உங்கள் கையால் சுட்ட சத்தத்துக்கும் நின்ற பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.