ஒரே லென்ஸ், ஆறு ஆண்டுகள்: குழந்தைகளை வெளியில் வைத்துப் படமெடுத்த அனுபவம்

ஒரு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா, எஃப்/1.8 வரை திறக்கும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது) ஒரு 85 மி.மீ. லென்ஸ், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஐந்து வகைத் துணிகள் கொண்ட, முகத்தில் ஒளியைத் திருப்பிவிடும் ஒரு ரிஃப்ளெக்டர். அக்காவின் இரண்டு குழந்தைகளையும் அவர்களுடைய நண்பர்களையும் ஆறு ஆண்டுகளாக நான் வெளியில் படமெடுத்து வருவது இந்த மூன்றைக் கொண்டுதான். இடையில் வாங்கிய ஃப்ளாஷ் அலமாரியில் கிடக்கிறது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். கருவிகள் அப்படியே இருக்க, படங்கள் நன்றாகவே தேறியிருக்கின்றன. குழந்தையை எங்கே நிற்க வைப்பது என்று தெரிந்துகொண்டதே அதில் பெரும்பங்கு. படமெடுக்கும் நேரத்தில் கேமராவின் பொத்தான்களைத் தொடாதிருக்கப் பழகியது மிச்சம்.

புது லென்ஸ் வாங்கியவர்கள் செய்வதைத்தான் முதல் ஆண்டில் நானும் செய்தேன், எடுத்ததெல்லாம் எஃப்/1.8. இரண்டு மீட்டர் தொலைவில் அந்தத் திறப்புக்குக் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே. முகம் சற்றுத் திரும்பினாலும் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் வரும். அக்கா மகள் தன் தம்பியைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்ற படம் ஒன்று இருக்கிறது. அவன் அரையடி பின்னால் இருந்ததால், அவனுடைய முகம் பின்னணியோடு கரைந்துபோயிற்று. அந்த வயதும் அந்தச் சிரிப்பும் இனித் திரும்பி வரப்போவதில்லை. எஃப்/4 வைத்தால் அதே தொலைவில் சுமார் 13 செ.மீ. ஆழம் கிடைக்கிறது, பின்னணி பத்துப் பதினைந்து அடி தள்ளியிருந்தால் அந்தத் திறப்பிலும் 85 மி.மீ. லென்ஸ் அதை மென்மையாகக் கலைத்துவிடுகிறது. ஆகவே இப்போது தனிக் குழந்தைக்கு எஃப்/2.8, இருவர் என்றால் எஃப்/4, கூட்டமாக வந்துவிட்டால் எஃப்/5.6 என்று வைத்துக்கொள்கிறேன். எஃப்/1.8 தூங்கும் குழந்தைக்கு மட்டும்.

ஷட்டர் வேகத்தில் எனக்குப் பாடம் கிடைத்தது வேறு விதமாக. நிற்கும் குழந்தைக்கு 1/250 நொடி போதும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் நிற்கும் குழந்தை என்பது அடுத்த நொடியில் ஓடப்போகும் குழந்தைதான் என்பதால், நான் 1/500 நொடிக்குக் கீழே இறங்குவதில்லை. தொடக்கத்தில் மேனுவல் முறையில் எஃப்/4, 1/500 என்று பூட்டிவிட்டு, ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறனை) மட்டும் கேமராவிடம் ஒப்படைத்திருந்தேன். நிழலில் அது அருமையாக வேலை செய்தது. ஐஎஸ்ஓ 400-க்கும் 640-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அக்கா மகன் பந்தைத் துரத்திக்கொண்டு வெயிலுக்குள் ஓட, நானும் விடாமல் சொடுக்கிக்கொண்டே போனேன். அத்தனை படங்களிலும் அவனுடைய வெள்ளைச் சட்டை வெறும் காகிதம்போல வெளுத்திருந்தது. வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/4 என்றால் ஏறத்தாழ 1/1600 நொடி வேண்டும். ஐஎஸ்ஓ 100-க்குக் கீழே இறங்க வழியில்லாமல், 1/500-இல் கேமரா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறது. அன்றிலிருந்து, எஃப் எண்ணை மட்டும் நான் வைத்துவிட்டு மற்றதைக் கேமராவிடம் விடும் அப்பர்ச்சர் பிரையாரிட்டி முறைக்கு மாறிவிட்டேன். ஆட்டோ ஐஎஸ்ஓவில், குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/500 என்று மெனுவில் ஒருமுறை பதிந்துவிட்டால், நிழலில் ஐஎஸ்ஓ ஏறும், வெயிலில் ஷட்டர் வேகம் ஏறும். கை எதையும் தொட வேண்டாம், கண்ணும் குழந்தையை விட்டு அகல வேண்டாம். இந்த ஆறு ஆண்டுகளில் நான் செய்த மாற்றங்களில் மிகுந்த பயன் தந்தது இந்த ஒன்றுதான்.

ஒளியைப் பொறுத்தவரை, என்னிடம் இருக்கும் சிறந்த ஒளிமானி என் உள்ளங்கை. முகத்தின் உயரத்துக்குக் கையை நீட்டி விரல்களைச் சற்று மடக்கி, நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினால், ரேகைகளின் நிழல் எந்தத் திசையில் கூர்மையாகிறது, எந்தத் திசையில் கரைகிறது என்பது அப்படியே தெரியும். மரத்தடி என்றாலே நல்ல நிழல் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். இலைகளுக்கு இடையே ஒழுகும் வெயில், குழந்தையின் கன்னத்தில் காசு காசாக விழுவதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தத் திட்டுகளை எந்த மென்பொருளாலும் முழுவதும் அழிக்க முடியவில்லை. அடர்ந்த நிழலின் நட்டநடுவும் உதவாது. அங்கே ஒளி தலைக்கு மேலிருந்து மட்டும் இறங்கிக் கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். கட்டடத்தின் நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே, முகம் திறந்தவெளியைப் பார்க்கும்படி நிற்க வைத்தால் போதும். எதிரே உள்ள வானமும் வெளிர்நிறத் தரையும் சேர்ந்து பெரிய சன்னலைப்போல ஒளி வீசும். கண்மணியில் வெள்ளைப் புள்ளி தானாக வந்து உட்காரும்.

தரை முக்கியம் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். புல்வெளியில் எடுத்த படங்களில் தாடைக்குக் கீழே ஒரு பச்சைச் சாயல் படிந்திருக்கும்; சிவப்புச் சட்டை போட்டால் அதே இடம் சிவக்கும். சிமெண்ட் பாதையோ மணலோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய மற்றொன்று, ஒளியின் நிறத்தைக் கேமராவே கணித்துச் சமன்செய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் படத்துக்குப் படம் மனம் மாறுகிறது என்பது. நிழலில் அதை 7000 கெல்வின் என்று நிறுத்திவிட்டு, கேமரா எதையும் மாற்றாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால், திருத்தும்போது ஒரு படத்தைச் சரிசெய்து மற்றவற்றுக்கு அப்படியே ஒட்டிவிடலாம்.

மாலை வெயிலைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பது எனக்கு மிகவும் பிடித்தது. பொறுமையை அதிகம் சோதிப்பதும் அதுதான். கூந்தல் ஓரத்தில் பொன்விளிம்பு கிடைக்கும். ஆனால் பிரகாசமான பின்னணியைப் பார்த்து ஏமாறும் கேமரா முகத்தை இருட்டாக்கும் என்பதால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு ஒளி) கூட்டி வைக்கிறேன். சூரியன் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் படம் முழுவதும் பால்போல வெளிறி, கண்ணைத் தேடும் ஆட்டோஃபோகஸும் தடுமாறுகிறது. லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் என்ற மறைப்பு அதற்குப் போதவில்லை. ஒரு மரத்தண்டின் பின்னே சூரியன் மறையும்படி ஓரடி நகர்ந்துகொள்வதுதான் நான் கண்ட வழி.

ரிஃப்ளெக்டரின் வெள்ளித் துணியை ஒரே நாளில் கைவிட்டேன். வெயிலைத் திருப்பி முகத்தில் அடித்த மறுகணமே, "மாமா, கண்ணு கூசுது" என்று அக்கா மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்; அதன்பின் அன்று படமே இல்லை. வெள்ளைத் துணி ஒளியைக் குறைவாகவே திருப்புகிறது என்றாலும் கண்ணை உறுத்துவதில்லை. பொன்னிறத் துணி மஞ்சள் காமாலை முகத்தைத் தருகிறது, தொடுவதில்லை. ஃப்ளாஷின் கதையும் ஏறத்தாழ இதுவே. என் கேமராவில் சாதாரணமாக ஃப்ளாஷ் ஒத்துப்போகும் உச்ச வேகம் 1/200 நொடி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-இல் அந்த வேகத்துக்கு எஃப்/11 வைக்க வேண்டும், பின்னணி முழுவதும் கூர்மையாகிவிடும். அதைவிட வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷை ஒத்துப்போக வைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் முறைக்குப் போனால் ஃப்ளாஷின் வலிமை பெருமளவு வற்றிவிடுகிறது. ஃப்ளாஷுக்கும் முகத்துக்கும் உள்ள தொலைவு இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். ஓடும் குழந்தையிடம் தொலைவை யார் காப்பாற்றுவது?

லென்ஸின் மேல் எனக்குள்ள மனக்குறை ஒன்றே. முழு உருவம் வேண்டுமென்றால் நான்கைந்து மீட்டர் பின்வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொலைவிலிருந்து சின்னக் குழந்தையோடு பேச்சுக் கொடுக்க முடியவில்லை. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்கிறேன். நான் மண்டியிட்டு, கேமராவைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்கிக்கொள்கிறேன். இதனால் என் கால்சட்டைகளின் முழங்கால்கள்தான் முதலில் தேய்கின்றன.

மேகமூட்டமான நாள்களில் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக விழுந்து முகம் தட்டையாகத் தெரியும். அப்போது ரிஃப்ளெக்டரின் கறுப்புத் துணியை ஒரு கன்னத்துக்கு அருகில் பிடித்தால், அந்தப் பக்கம் சற்று இருண்டு முகத்துக்கு வடிவம் வருகிறது. அக்கா மகன் இப்போது அதை எனக்காகப் பிடிக்கும் வயதுக்கு வந்துவிட்டான். பிடிக்கச் சொன்னால் பின்னால் ஒளிந்துகொள்கிறான் என்பது வேறு விஷயம்.