மூன்று சொகுசுக் கப்பல் பயணங்கள்: கடலுக்குக் கொடுத்த காசு

சென்ற வாரம் தெஹிவளையிலிருந்து ஒரு தோழி தொலைபேசியில் அழைத்தார். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தின் விலையைப் பயணமுகவர் குறைத்திருப்பதாகவும், டிசம்பர் பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போக எண்ணியிருப்பதாகவும் சொல்லி, “குடுக்கிற காசுக்குப் பெறுமதியோ, அக்கா?” என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினேன். கப்பலைப் புகழ்ந்தேன், ஏசினேன், மறுபடியும் புகழ்ந்தேன். “அப்ப போறதோ, விடுறதோ?” என்று அவர் கடைசியில் கேட்டபோது என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை எழுதித்தான் தெளிய வேண்டும் என்று பட்டது.

நான் மூன்று தடவை போயிருக்கிறேன். 2018 ஏப்ரலில் கணவருடன், 2023 ஆகஸ்டிலும் 2025 மார்ச்சிலும் அம்மாவுடன். மூன்றுமே சிங்கப்பூரின் மரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பிய பயணங்கள். அரங்கு, நீச்சல்குளம், நாளுக்கு எத்தனை வேளை சாப்பாடு என்பதையெல்லாம் பயணமுகவரின் துண்டுப்பிரசுரமே சொல்லிவிடும். மூன்று பயணங்களிலும் என் மனத்தை நிறைத்ததும் பின்னர் நோகச் செய்ததும் ஒரே விடயம்தான்: கப்பலில் கடலைப் பார்ப்பதற்கு உள்ள இடம்.

2018 இல் போனது நடுத்தர அளவுள்ள, வயதான கப்பல். மின்தூக்கிகள் மெதுவாக நகர்ந்தன, எங்கள் அறையின் குளியலறையில் ஒருவர் திரும்பி நிற்கவே சிரமப்பட வேண்டியிருந்தது. ஆனால் உயிர்காப்புப் படகுகளின் வரிசைக்குக் கீழே கப்பலை முழுதாகச் சுற்றிவரும் மரப்பலகை நடைதளம் ஒன்று அதில் இருந்தது. இசை கிடையாது, விற்பனை கிடையாது. நீளமான மரக் கதிரைகள் மட்டும் கடலைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தன. யாரும் எந்நேரமும் போய் உட்காரலாம். கப்பலின் பக்கவாட்டில் நுரை பிரிந்தோடுவதை மிக அருகில் பார்க்கலாம், அதன் சத்தத்தையும் கேட்கலாம். வாழ்நாள் முழுவதும் வெள்ளவத்தையில் கடலோரத்தில் குடியிருந்த எனக்குக் கடல் புதிதல்ல. ஆயினும் கரையிலிருந்து பார்க்கும் கடலும் நடுவிலிருந்து பார்க்கும் கடலும் ஒன்றல்ல என்பதை அந்தப் பலகைகளில் நடந்தபோதுதான் அறிந்தேன். நாங்கள் எடுத்திருந்தது சாளரம் இல்லாத மிக மலிவான உள்ளறை. அது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனெனில் தூங்குவதற்கு மட்டுமே உள்ளே போனோம்.

இதைக் கேட்டுத்தான் அம்மாவுக்கு ஆசை பிறந்தது. அப்பா 1961 இல் கணக்கியல் படிக்கக் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏடன், சுயெஸ் கால்வாய் வழியாக ஏறக்குறைய மூன்று வாரத்தில் இங்கிலாந்து சேர்ந்தவர். கப்பலின் கைப்பிடியில் சாய்ந்து நிற்கும் அவருடைய படமொன்று எங்கள் வீட்டு அலுமாரியில் இன்றும் இருக்கிறது. “அப்பா நிண்டமாதிரி ஒருக்கா நிண்டு பாக்கவேணும்” என்று அம்மா சொன்னார். 2023 இல் டொலர் 320 ரூபாய் அளவில் இருந்தது. 2018 ஏப்ரலில் அது 160 ரூபாய்க்கும் குறைவு. அந்த விலையிலும் அம்மாவை அழைத்துப் போனதற்கு வருந்தவில்லை.

அந்த இரண்டாவது கப்பல் பெரியது. சுற்றுநடைதளம் முழுமையாக இல்லை. பின்புறத்தில் மட்டும் திறந்த தளமொன்று இருந்தது. அங்கே முதல் நாள் காலை அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் நிறுத்தியபோது, பெட்டிகள் அடுக்கிய சரக்குக் கப்பலொன்று எங்களை மெல்ல முந்திக்கொண்டிருந்தது. நீரிணையைக் கடந்து மேற்கே போகும் கப்பல்கள் இலங்கையின் தென்கோடியில் தெவுந்தர முனைக்குக் கீழாகத்தான் போகும் என்றும், இந்தக் கப்பலும் அந்த வழியென்றால் நாம் சிங்கப்பூர் திரும்பும் நேரமளவில் அது நம்முடைய தெற்குக் கரையைக் கடந்துகொண்டிருக்கும் என்றும் சொன்னேன். அம்மா அதன் பின் ஒன்றும் பேசவில்லை. அது வானவிளிம்பில் சிறு புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தேநீர் கேட்டார். அரங்கில் நடந்த நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூட அவர் இன்று நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தச் சரக்குக் கப்பலைப் பற்றி மாத்திரம் வீட்டுக்கு வருபவர்களிடம் இன்றும் சொல்வார்.

ஆகவே 2025 இல், அதே நிறுவனத்தின் இன்னும் புதிய, இன்னும் பெரிய கப்பலுக்குச் சலுகை விலை வந்தபோது நான் யோசிக்கவேயில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அந்தக் கப்பலில் எங்கே நின்றாலும் கப்பல்தான் தெரிந்தது. நடுவே மூன்று தட்டு உயரத்துக்குக் கடைத்தெரு. மேல்தளத்தில் நீச்சல்குளத்தைச் சுற்றிக் காலை ஒன்பது மணி முதல் நள்ளிரவு வரை ஒலிபெருக்கி. ஓரத்தில் ஆளுயரக் கண்ணாடிச் சுவர். அதன் குறுக்கே போகும் உலோகச் சட்டம், சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டத்தில் சரியாக வந்து மறைத்தது. முன்பக்கத்தில் நல்ல இடமொன்று இருந்தது. அது தனிக் கட்டணம் செலுத்தியவர்களுக்கானது. பக்கவாட்டு நடைதளம் கப்பலின் பாதி நீளத்துடன் முடிந்தது. அதற்குப் போகும் கதவின் அடியில் அம்மாவின் சக்கரம் ஏற முடியாத உயரத்தில் ஒரு படி.

என் கோபத்தைக் கிளறியது இன்னொன்று. புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சிக்காக எல்லாரையும் கூடுமிடங்களுக்கு அழைப்பார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கொஸ்தா கொன்கோர்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை என்பது தெரியவந்த பிறகே, புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே அதை நடத்த வேண்டுமென்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. அது மிகச் சரியான விதி. எங்கள் கூடுமிடம் உயிர்காப்புப் படகுகளின் கீழே இருந்தது. பணியாளர்கள் அம்மாவை வேறு வழியால் கவனமாக அங்கே கொண்டுவந்தார்கள். பார்த்தால், அகலமான, நிழலுள்ள, கடலை ஒட்டிய அருமையான தளம், நான் 2018 முதல் நினைத்துக்கொண்டிருந்த அதே தளம். ஐந்து நிமிடம் நின்றோம். பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் உள்ளே அனுப்பிக் கதவைப் பூட்டினார்கள். பயணம் முழுவதும் அது திறக்கப்படவில்லை.

வரவேற்பு மேசையில் கேட்டேன். மிகுந்த பணிவுடன், மேலும் 160 டொலர் கட்டினால் எஞ்சிய இரவுகளுக்குப் பால்கனி அறைக்கு மாறலாம் என்றார்கள். நான் மாறவில்லை. காசில்லாமலல்ல, அந்தப் பதிலைக் கேட்டபின் கட்ட மனம் வரவில்லை.

இது ஒரு கப்பலின் தனிக் குறையல்ல என்பதைப் பின்னர் வாசித்து விளங்கிக்கொண்டேன். 1988 இல் வந்த சொவரின் ஒஃப் த சீஸ் என்ற சொகுசுக் கப்பல் சுமார் 73,000 டன் கொள்ளளவுடன் பல தட்டு உயர நடுக்கூடத்தைக் கொண்டிருந்தது. 1999 இல் வொயேஜர் ஒஃப் த சீஸ் கப்பலுக்குள்ளேயே நீண்ட தெருவை அமைத்து, அந்தத் தெருவைப் பார்க்கும் சாளரங்களுடன் அறைகளையும் வைத்தது. 2024 இல் பயணத்தைத் தொடங்கிய ஐகொன் ஒஃப் த சீஸின் அளவு 248,663 டன். (இந்த டன் எடையல்ல, கப்பலின் உட்புறக் கன அளவைக் குறிப்பது, பலர் இதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள்.) உட்கன அளவு பெருகும் வேகத்தில் ஓரத்தின் நீளம் பெருகாது, ஆட்கள் கூடக் கூட ஆளொருவருக்குக் கிடைக்கும் கடலோரம் சுருங்கும். பெரிய நிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்தால், வருமானத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பயணச்சீட்டிலிருந்தல்ல, கப்பலில் பயணிகள் செலவிடுவதிலிருந்து வருகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பவர் அந்த நேரத்தில் எதுவும் வாங்குவதில்லை. பெரிய கப்பலில் இடம் விட முடியாது என்பதும் உண்மையல்ல. 2004 முதல் ஓடும் குவீன் மேரி 2 இல் கப்பலைச் சுற்றி வரும் நடைதளம் இருக்கிறது. மூன்று சுற்று நடந்தால் ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர்.

அந்த 2025 பயணத்தின் விலையையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் ஆளுக்கு 420 டொலர், இருவருக்கு 840. துறைமுகக் கட்டணமும் வரியும் 220. ஆளுக்கு இரவொன்றுக்கு 18 டொலராக நான்கு இரவுக்குச் சேவைக் கட்டணம் 144. மொத்தம் 1,204 டொலர், எங்கள் காசில் ஏறக்குறைய மூன்று இலட்சத்து அறுபதாயிரம். விமானப் பயணச்சீட்டும், பினாங்கில் ஏழு மணி நேரம் இறங்குவதற்காக எடுத்த மலேசிய விசாவும் இதில் அடங்கவில்லை. சேவைக் கட்டணத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை நீக்கித் தரும்படி வரிசையில் நின்றவர்களைப் பார்த்து மனம் வருந்தினேன். ஆறு, ஒன்பது மாத ஒப்பந்தத்தில் குடும்பத்தைப் பிரிந்து உழைப்பவர்களின் வருமானம் அது.

அந்த உழைப்பாளர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 78 வயதில், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை விமானம், பஸ், மூன்று ஹொட்டேல் என்று இழுத்தடிக்காமல் இரண்டு நாடுகளுக்குக் கூட்டிப்போக இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியாது. அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவர் என்பதை முதல்நாள் ஒரு தடவைதான் சொன்னேன். வெள்ளியன்று கேட்காமலே பருப்பும் சோறும் மேசைக்கு வந்தன. பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுனின் நடுவிலேயே கட்டுகிறது. அங்கிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டே குவீன் வீதி மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். 1833 இல் எழுந்த கோயில் அது. புக்கெட்டில் சிறுபடகில் மாறிக் கரைக்குப் போக வேண்டியிருந்ததால் அம்மாவும் நானும் இறங்கவில்லை.

கடைசி நாள் காலை, அந்தப் பக்கவாட்டுக் கதவின் கண்ணாடி வழியாக அம்மா வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பையன் கண்டான். ஒன்றும் கேட்காமல் போய், இன்னொருவனையும் ஒரு சாய்பலகையையும் கூட்டிவந்து, படியின் மேல் வைத்து, இருவருமாக நாற்காலியை வெளியே இறக்கிவிட்டார்கள். திரும்பும் வழியில் அது கப்பலின் இடப்பக்கம். சூரியன் அந்தப் பக்கம்தான் ஏறிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் வரை அம்மா கைப்பிடியில் கை வைத்தபடி இருந்தார். அவரைப் படமெடுத்தேன். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இப்போது அது இருக்கிறது. இரண்டு இளைஞர்கள் தாமாக நினைத்து இரண்டு நிமிடத்தில் செய்ததை, ஆயிரக்கணக்கானோருக்காக அந்தக் கப்பலை வரைந்தவர்கள் ஏன் நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஆகவே என் பதில்: அந்த விலைக்கு, அந்தப் பெரிய கப்பலுக்குப் போக வேண்டாம். இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு இப்படி முடிக்கிறேனே என்று தோழி கேட்பார். நல்லதெல்லாம் அங்கே வேலை செய்பவர்களிடமிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தது. கப்பலில் போவது கடலுக்காக. அதை மறைத்துவைத்துத் தனியாக விற்பவருக்கு மூன்று இலட்சம் கொடுக்க இன்றைக்கு என் மனம் ஒப்பவில்லை. இன்னும் ஒரு வருடம் கழித்துக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வேனோ தெரியாது.

முற்பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால், முகவரிடம் கப்பலின் தளவரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். திறந்த நடைதளம் எந்தத் தட்டில் இருக்கிறது, முழுச் சுற்றாக இருக்கிறதா, கதவில் படி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். மாமியாருக்கு நடப்பது சிரமமானால் சாய்பலகைக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். போகும்போது, முதல் நாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்பே, கப்பல் போகும் திசையில் வலப்பக்கமாகப் போய் நில்லுங்கள். மலாயாக் கரைப் பக்கமாகச் சூரியன் எழும். சரக்குக் கப்பல்களைப் பார்க்க விரும்பினால் இடப்பக்கம்.